செவிக்கு எட்டிய நாள்

1949 நவம்பர் 23. ஹைதராபாத்தின் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஒரு ஃபர்மான் பிறப்பித்தார். இந்தியாவுக்காக எழுதப்பட்டுவரும் அரசியலமைப்புச் சட்டமே இனி ஹைதராபாத்துக்கும் அரசியலமைப்புச் சட்டம் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், அவர் கையெழுத்திட்ட அன்று அந்தச் சட்டம் இன்னும் நிறைவேறியிருக்கவில்லை. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை அதை நிறைவேற்றியது மூன்று நாள் கழித்து, நவம்பர் 26 அன்று. ஹைதராபாத் உட்பட ஒன்பது சமஸ்தானங்களும் சம்மதம் தந்துவிட்டன என்று அன்றுதான் வல்லபாய் படேல் சபையில் எழுந்து அறிவித்தார். குடியுரிமை, தேர்தல் ஆணையம் போன்ற சில பிரிவுகள் மட்டும் அன்றே உயிர் பெற்றன. மற்றவை 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தன.

ஆக, ஒரே ஆவணத்துக்கு மூன்று தேதிகள். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் ஜனவரி 26 என்பார்கள். வழக்கறிஞர்கள் நவம்பர் 26க்கும் விழா எடுக்கிறார்கள். நவம்பர் 23ஐ யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் நிஜாமின் ஆட்சிப்பரப்பில் அன்று ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். தெலுங்கு, உருது, மராத்தி, கன்னடம் பேசிய அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அரசியல் நிர்ணய சபையில் ஹைதராபாத்தின் நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே கிடந்தன. எனவே விவாதித்து, வாக்களித்து, திருத்தம் கொடுத்து அவர்கள் பெற்ற ஆவணம் அல்ல இது. யாரோ எழுதி, யாரோ ஏற்று, யாரோ வாசித்துச் சொல்ல, செய்தியாக வந்து சேர்ந்தது.

ஒரு சொல் மனிதரைக் கட்டுவது எப்போதிலிருந்து? உரைத்த கணத்திலிருந்தா, ஏட்டில் ஏறிய கணத்திலிருந்தா, கேட்பவர் காதில் விழுந்த கணத்திலிருந்தா? கடவுளின் சொல்லைப் பற்றி மதங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. அரசின் சொல்லைப் பற்றி நீதிமன்றங்களும் இதையேதான் கேட்கின்றன. பழைய நிஜாம் சீமையில் இந்தக் கேள்விக்கான சாட்சியங்கள் கல்லிலும் இருக்கின்றன, காகிதத்திலும் இருக்கின்றன.

கல்லிலிருந்து தொடங்கலாம். 1915இல் சி. பீடன் என்ற சுரங்கப் பொறியாளர் ராய்ச்சூர்ப் பக்கம் தங்கம் தேடி அலைந்துகொண்டிருந்தார். மஸ்கி என்ற ஊரில் அவர் கண்ணில் பட்டது பாறையில் வெட்டிய பிராமி எழுத்து. நிஜாம் அரசு தொல்லியல் துறையைத் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட நிறைந்திருக்காது. ‘ஹைதராபாத் தொல்லியல் வரிசை’யின் முதல் வெளியீடாக அந்தக் கல்வெட்டே அச்சேறியது. பதிப்பித்தவர் எச். கிருஷ்ண சாஸ்திரி, தமிழகக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான பெயர்தான். மஸ்கிப் பாறையின் புகழ், அதில் ‘அசோகன்’ என்ற பெயரே இருப்பதால் வந்தது. அதுவரை தெரிந்த பாறைகளிலும் தூண்களிலும் தேவனாம்பிய, பியதசி என்ற பட்டங்களே இருந்தன. அந்தப் பட்டங்களுக்கு உரியவன் அசோகன்தான் என்பதை இலங்கையின் பாலி நூல்களை வைத்து ஊகித்திருந்தார்கள். மஸ்கி அதைக் கல்லிலேயே உறுதி செய்தது.

பெயர் கிடைத்த பரபரப்பில் பலர் தாண்டிப் போகும் விஷயம் ஒன்று உண்டு. மஸ்கியில் இருப்பது மூலப்படி அல்ல, நகல். சிறு பாறைக் கட்டளை என்று அறிஞர்கள் அழைக்கும் அந்த அறிவிப்பு வடக்கிலும் தெற்கிலும் பல பாறைகளில் கிடைத்திருக்கிறது. இரண்டரை ஆண்டுக்கும் மேலாகப் பௌத்த உபாசகனாக இருக்கிறேன், சங்கத்தை அணுகிய பிறகுதான் முயற்சி தீவிரமானது, இந்த உயர்வு பெரியவர்களுக்கு மட்டும் உரியதல்ல, எளியவரும் எட்டலாம், இதை இருவரிடமும் சொல்லுங்கள் என்பது அதன் பொருள். ஒரு பேரரசின் அறம் இங்கே முதலில் ஒரு தனிமனிதரின் மனமாற்றச் செய்தியாகத்தான் புறப்படுகிறது.

அது எப்படிப் பரவியது என்பதை நகல்களின் பிசிறுகள் காட்டிக் கொடுக்கின்றன. கர்நாடகத்துச் சித்ரதுர்க்காப் பக்கத்துப் பிரம்மகிரிப் பாறையில் கட்டளை தொடங்கும் முன் ஒரு முகப்புக் குறிப்பு இருக்கிறது. சுவர்ணகிரியிலிருந்து இளவரசரும் மகாமாத்திரர்கள் என்ற உயரதிகாரிகளும் இசிலாவில் இருக்கும் மகாமாத்திரர்களை நலம் விசாரிக்கிறார்கள். இது ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் தலைப்பகுதி. மக்கள் படிக்க வேண்டிய அவசியமே இல்லாதது. கைக்கு வந்த பிரதியில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் வெட்டிவிட்டார்கள்! ஓர் அரசாணையைச் சுற்றறிக்கை எண், ‘பார்வை’, ‘நகல்’ எல்லாவற்றோடும் சேர்த்துப் பேருந்து நிலையச் சுவரில் எழுதியது போல. அதே பாறையின் முடிவில் எழுத்தர் தன் பெயரைச் சபடன் என்று போட்டுக்கொள்கிறார்; ‘எழுதுபவன்’ என்ற தன் தொழிலை மட்டும் கரோஷ்டி எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுகிறார். கரோஷ்டி வடமேற்கின் எழுத்து, இன்றைய பெஷாவர்ப் பக்கத்து வழக்கம். அங்கே பழகிய ஒரு கை சித்ரதுர்க்காவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. செய்தி நடந்துவந்த தூரத்துக்கு அந்த ஒற்றைச் சொல்லே அத்தாட்சி.

கர்னூல் மாவட்டத்து எர்ரகுடியில் சில வரிகள் இடமிருந்து வலமாகவும் அடுத்தவை வலமிருந்து இடமாகவும் ஓடிக் குழம்புகின்றன. ஆனால் அங்கேதான் முக்கியமான கட்டளை ஒன்றும் இருக்கிறது: ராஜுகர் என்ற அதிகாரிக்குச் சொல்லுங்கள், அவர் பேரிகை முழக்கி நாட்டு மக்களுக்கு அறிவிப்பார். ஒடிசாவின் தௌலியில் உள்ள தனிக் கட்டளைகளோ இன்னின்ன நாளில் வாசித்துக் காட்ட வேண்டும் என்றே விதிக்கின்றன. கல் வெறும் கோப்பு. அறிவிப்பு நடந்தது முரசிலும் குரலிலும். படிக்கத் தெரியாத குடிகளுக்கு எழுத்தில் ஆணையிடுவது அர்த்தமற்றது என்பது மௌரிய நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாயிரம் ஆண்டு தள்ளி, பிலடெல்பியாவில் இதே கதை மையில் நடந்தது. 1776 ஜூலை 4 இரவு ஜான் டன்லப் என்ற அச்சகக்காரர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை ஒற்றைத் தாளில் அச்சடித்தார். ஏறத்தாழ 200 பிரதிகள் என்பது மதிப்பீடு. இன்று 26 மிஞ்சியிருக்கின்றன. வாஷிங்டனில் மக்கள் வரிசையில் நின்று பார்ப்பது இந்தத் தாளை அல்ல, ஆகஸ்ட் 2 அன்றுதான் உறுப்பினர்கள் கையெழுத்திடத் தொடங்கிய தோல்தாள் பிரதியை. டன்லப் தாளில் அச்சில் இருப்பது இரண்டே பெயர்கள்: தலைவர் ஜான் ஹான்காக், செயலர் சார்லஸ் தாம்சன். எஞ்சிய பிரதிகளை 1970களில் ஒப்பிட்டு ஆராய்ந்த ஃபிரெடரிக் காஃப், சில தாள்கள் மை காய்வதற்குள் மடிக்கப்பட்டதால் எழுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டார். நிறுத்தக்குறிகளும் பிரதிக்குப் பிரதி ஒன்றாக இல்லை. குதிரைக்காரன் வாசலில் காத்திருந்த அவசரம் அந்த ஒட்டுக்கறையில் இருக்கிறது. ஜூலை 6இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்துவிட்டது. ஜூலை 9இல் நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைக்கு வாசிக்கச் செய்தார். கேட்ட கூட்டம் அன்று மாலையே மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையைக் கவிழ்த்தது. அப்போது ஒருவரும் தோல்தாளில் கையெழுத்திட்டிருக்கவில்லை.

பிழையே இல்லாத பிரதி தான் வந்த வழியைச் சொல்லாது. பதறிய அச்சும் வெட்டித் தொலைத்த முகப்புக் கடிதமும்தான் வாய் திறக்கின்றன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. எவை மிஞ்சின என்பது எவை அதிகம் வாசிக்கப்பட்டன என்பதைக் காட்டாது, பெரும்பாலும் நேர்மாறு. கைக்குக் கை மாறிப் போனவை கிழிந்தன. டன்லப் தாள்களில் மூன்று லண்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன; எதிரி கையில் சிக்கி, கோப்பில் ஏறியதால் தப்பித்தவை. நம் பக்கமும் இதுவே நிலை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறித்தவ நூலுக்கு இன்று அறியப்பட்ட ஒரே பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. வைத்து ஜெபித்தவர்கள் கையில் இருந்தவை என்ன ஆயின என்று யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்திய அரசியலமைப்புச் சட்டத்துக்கும் இந்த இரட்டை வாழ்க்கை வாய்த்தது. 1948 பிப்ரவரியில் அதன் வரைவை அரசு அச்சகம் வெளியிட்டபோது விலை ஒரு ரூபாய். மக்கள் வாங்கினார்கள், ஆட்சேபம் எழுதி அனுப்பினார்கள். பிறகு பிரேம் பிகாரி நாராயண் ராய்ஸாதா அழகெழுத்தில் எழுத, நந்தலால் போஸும் அவர் மாணவர்களும் ஓவியம் தீட்ட, 1950 ஜனவரி 24இல் உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பிரதி உருவானது. டேராடூனில் இந்திய நில அளவைத் துறை அதை 1,000 பிரதிகள் கல்லச்சு முறையில் எடுத்தது. அச்சடித்த பிரிட்டன் இயந்திரங்களின் மாடல் பெயர்கள் ‘சாவரின்’, ‘மோனார்க்’. குடியரசின் சாசனத்தை மன்னர் பெயர் தாங்கிய இயந்திரங்கள் அச்சடித்தன. பின்னாளில் அவை பழைய இரும்பாக விலைபோயின. அந்த 1,000இல் ஒன்று 2024இல் ஏலத்தில் 48 லட்சம் ரூபாய்க்குப் போனது. ஒரு ரூபாய் வரைவு செய்தி. 48 லட்சம் ரூபாய்ப் பிரதி திருமேனி. கண்ணாடிப் பேழையில் வைத்து வணங்குகிற மனம் இயல்பானதுதான். ஆனால் சாசனத்தின் அதிகாரம் அந்தப் பேழையிலிருந்து கசிந்து வருவதாக நினைத்துவிட்டால் வேறு மதத்துக்குள் போய்விடுகிறோம்.

மதங்களே அப்படி நினைக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். ஹைதராபாத்தின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் ஒலித்துவந்த இமாம் கஸாலி, 1111இல் மறைந்தவர், ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்ற சிறு நூலில் ஒரு கடினமான கேள்வியை எடுத்துக்கொள்கிறார். நபியின் செய்தி எட்டாதவர்களின் கதி என்ன? அவர் மூன்று வகை பிரிக்கிறார். பெயரே காதில் விழாதவர்கள் முதல் வகை, அவர்கள்மேல் குற்றமில்லை. அருகிலிருந்து, வாழ்வையும் சான்றுகளையும் அறிந்தும் மறுத்தவர்கள் இரண்டாம் வகை, பொறுப்பு அவர்களுடையது. மூன்றாவதுதான் கூர்மையானது: பெயர் காதில் விழுந்தது, ஆனால் சிறுவயது முதலே திரித்துச் சொல்லப்பட்டு விழுந்தது. இவர்களைக் கஸாலி முதல் வகையோடு சேர்க்கிறார். திரிந்த செய்தி செய்தியே அல்ல. வந்து சேர்ந்தால் போதாது, சரியாக வந்து சேர வேண்டும். தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்ற குர்ஆனின் நிலைப்பாட்டை அவர் இந்த அளவுக்கு நீட்டிக்கொண்டு போனார்.

1948இன் ஹைதராபாத்தில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. இந்தியாவோடு இணைவது மதத்துக்கு ஆபத்து என்று நிஜாம் ஆதரவு ரஸாக்கர் படையினரின் மேடைகள் முழங்கின. ‘இம்ரோஸ்’ உருது நாளிதழின் ஆசிரியர் ஷோயபுல்லா கான் இணைப்பே நல்லது என்று எழுதினார். அந்த ஆகஸ்டில் ஓரிரவு காச்சிகுடாவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவரை வழிமறித்துக் கொன்றார்கள், கையையும் வெட்டினார்கள். எழுதிய கை என்பதால். அடுத்த மாதம் இந்திய ராணுவம் நுழைந்தது. செப்டம்பர் 17 மாலை, அதுவரை வானொலியில் பேசியே இராத நிஜாம், டெக்கான் ரேடியோ நிலையத்துக்குப் போய்த் தன் முடிவைத் தானே அறிவித்தார். அதற்கு முன் அவர் சொன்னதாகப் பலர் பல சொல்லியிருந்தார்கள். கஸாலியின் மூன்றாம் வகையில் ஒரு நகரமே இருந்த காலம் அது.

அதே நகரத்தின் விளிம்பில், ஷம்ஷாபாத் விமான நிலையத்தைத் தாண்டி முச்சிந்தலில், 216 அடி உயர ராமானுஜர் அமர்ந்திருக்கிறார். 2022 பிப்ரவரி 5இல் திறந்த சிலை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர் அவர். அவரைப் பற்றி ஒவ்வொரு தமிழ் வைணவக் குடும்பமும் அறிந்த கதை திருக்கோஷ்டியூருடையது. பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை, வெளியே சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்ததையும் மீறி, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். தான் ஒருவன் நரகம் போய் அத்தனை பேர் கரையேறினால் லாபம்தானே என்பது அவர் பதில். குரு மனம் உருகி அவரை ‘எம்பெருமானார்’ என்று தழுவிக்கொண்டதாகக் கதை முடிகிறது.

வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையை எப்படி வேண்டுமானாலும் எடை போடட்டும். அது எடுக்கும் தரப்பு தெளிவு: மறைத்து வைத்த சொல்லின் தூய்மையைவிடப் பரவிய சொல்லின் பயன் பெரிது. கஸாலியின் தர்க்கம் வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. ஐரோப்பாவில் தாமஸ் அக்வினாஸ் சட்டத்தை வரையறுத்தபோது, அறிவித்தல் என்பதை அதன் அங்கங்களில் ஒன்றாகவே வைத்தார். 1804இன் பிரெஞ்சு சிவில் சட்டம் இதில் கணக்கே போட்டது: தலைநகரில் அறிவித்த மறுநாள் அங்கே தெரிந்ததாகக் கொள்ள வேண்டும், மற்ற இடங்களுக்கு ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் கூடுதல். சட்டம் குதிரை வேகத்தில் பயணம் செய்யும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி ஓர் அபின் வழக்கில் வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923 டிசம்பரில் ஒரு தீர்மானம் போட்டு அபின் சட்டம் இயற்றியது. அரசிதழில் வெளியிடவில்லை, வேறு எந்த வழியிலும் அறிவிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து ஹர்லா என்பவருக்கு அந்தச் சட்டத்தின்படி 50 ரூபாய் அபராதம். 1951 செப்டம்பரில் நீதிபதி விவியன் போஸ் அதை ரத்து செய்தார். குடிமக்கள் எவ்வளவு முயன்றாலும் அறிந்துகொள்ள வழியில்லாத சட்டத்தைக் கொண்டு அவர்களைத் தண்டிப்பது நாகரிக மனிதருக்கு ஒவ்வாது என்பது அவர் நிலைப்பாடு. மூடிய அறைக்குள் அமைச்சர்கள் நிறைவேற்றியது சட்டம் ஆகவில்லை. காகிதம் இருந்தது, கையெழுத்து இருந்தது. செய்தி மட்டும் இல்லை.

ஹர்லாவுக்கு நியாயம் கிடைத்ததற்குச் சில மாதங்கள் முன்பு அதே நீதிமன்றத்தில் ஹைதராபாத்திலிருந்து இன்னொரு வழக்கு வந்திருந்தது. தெலங்கானா விவசாயப் போராட்டத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, சிறப்புத் தீர்ப்பாயத்தால் தூக்குத் தண்டனை பெற்றவர்களின் வழக்கு. சட்டப் புத்தகங்களில் ஜனார்தன் ரெட்டி வழக்கு என்று பெயர். ஹைதராபாத் உயர் நீதிமன்றம் அவர்கள் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்த தேதிகள் 1949 டிசம்பர் 12, 13, 14. நிஜாமின் ஃபர்மான் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இந்தியாவின் அரசியலமைப்பே ஹைதராபாத்தின் அரசியலமைப்பு என்று அறிவித்தாகிவிட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வர இன்னும் ஆறு வாரம் பாக்கி. உச்ச நீதிமன்றம் 1950 டிசம்பரில் கைவிரித்தது: அந்தத் தீர்ப்புகள் வந்தபோது ஹைதராபாத் நீதிமன்றம் இந்திய ஆட்சிப்பரப்புக்குள் இருந்த நீதிமன்றம் அல்ல, ஆகவே மேல்முறையீட்டை ஏற்க அதிகாரமில்லை. பிறகு வேறு வழியில் தொடுத்த மனுவுக்கு வாதாட இங்கிலாந்திலிருந்து வழக்கறிஞர் டி.என். பிரிட் வந்தார். 1951 மார்ச்சில் அதுவும் தோற்றது.

ஹர்லாவின் வழக்கில் சட்டம் இருந்தது, செய்தி இல்லை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தெலங்கானாக்காரர்கள் வழக்கில் செய்தி ஊரெல்லாம் இருந்தது, சட்டம்தான் இல்லை. முதல் தீர்ப்பை வாசிக்கிறவர் எளிதாகத் தலையாட்டிவிடலாம். இரண்டாவதில் தர்க்கம் பிசகவில்லை என்றாலும் தொண்டையில் சிக்குகிறது. கஸாலியின் பட்டியலில் இப்படி ஒரு நான்காம் வகை கிடையாது: நற்செய்தியைத் திரிபில்லாமல் கேட்டவர்கள், ஆனால் அது தங்களுக்கு இன்னும் பொருந்தாது என்று சொல்லப்பட்டவர்கள். அக்வினாஸும் அவர்களை எதிர்பார்க்கவில்லை. அறிவிக்காத சட்டத்திலிருந்து மனிதரைக் காப்பது எப்படி என்று யோசித்த அளவுக்கு, அறிவித்துவிட்ட வாக்குறுதி தாமதமாவதைப் பற்றி இறையியலோ சட்டவியலோ யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கைதிகளின் தூக்குத் தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, உயிர் தப்பினார்கள். பிரெஞ்சுக் கணக்கை டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் போட்டுப் பார்த்தால், சாலைவழி ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பதினைந்து பதினாறு நாளில் ஒரு சட்டம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நவம்பர் 23இலிருந்து ஜனவரி 26 வரை 64 நாள். மூன்று தள்ளுபடிகளும் அந்த இடைவெளிக்குள்தான் நடந்தன.